விழா நாட்களும் புதிய பெற்றோரும்: ஒரு பன்னாட்டுப் பள்ளியின் வழிகாட்டிச் சேவை குறித்த மதிப்புரை

பணி நிமித்தமாக வேறு நாட்டுக்குக் குடிபெயரும் குடும்பங்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி தேடும்போது பாடத்திட்டம், கட்டணம், பேருந்து வசதி, வீட்டிலிருந்து உள்ள தொலைவு என அனைத்தையும் விசாரிக்கின்றன. பள்ளியில் என்னென்ன விழாக்கள் நடக்கும், அவற்றில் பெற்றோரிடம் என்ன எதிர்பார்க்கப்படும் என்று எவரும் விசாரிப்பதில்லை. ஆனால் சேர்ந்த முதல் பருவத்தில் பெற்றோரை அதிகம் திணற வைப்பவை அந்த விழாக்கள்தாம். எங்கள் பிள்ளைகள் படிக்கும் பன்னாட்டுப் பள்ளி, புதிதாக வந்து சேரும் வெளிநாட்டுப் பெற்றோருக்காகவே ஒரு விழா வழிகாட்டிச் சேவையை நடத்திவருகிறது. அதன் எல்லாப் பகுதிகளையும் பயன்படுத்திப் பார்த்த பெற்றோர் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். குறைகள் சில உண்டு, அவற்றில் ஒன்று கடுமையானது. ஆயினும், இத்தகைய சேவை இருக்கும் பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை நேரில் அறிந்தவள் என்பதால், பள்ளி தேடும் எந்தக் குடும்பத்திடமும் இதைக் கேட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள் என்றே சொல்வேன்.

பாடம் புரியாவிட்டால் புத்தகம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், மறுநாளும் இருக்கிறது. விழாவுக்கு அப்படி எதுவும் இல்லை. அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்து, அதே போன்ற பள்ளியில் படித்த பெற்றோருக்கு, எந்த நாளில் என்ன உடை அணிவிக்க வேண்டும், ஆசிரியருக்குப் பரிசு தரலாமா, அழைப்பிதழில் பெற்றோரையும் சேர்த்து அழைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் எவரும் சொல்லித் தராமலே தெரியும். ஆகவே, சொல்லித் தர வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு எழுவதில்லை. பெரும்பாலும் அவர்களில் சிலரே பள்ளியின் விழாக் குழுவிலும் இருப்பார்கள். பண்பாட்டு அதிர்ச்சியைப் பற்றி மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-இல் எழுதிய கட்டுரையில், பழகிய சமூகக் குறிப்புகள் அனைத்தும் ஒருசேர இல்லாமற்போவதால் எழும் பதற்றம் அது என்று விளக்கியிருக்கிறார். எப்போது கை குலுக்குவது, எந்த அழைப்பை ஏற்பது, எதை மறுப்பது என்பன போன்ற சின்னஞ்சிறு விஷயங்களையே அவர் எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். பள்ளி விழா என்பது அத்தகைய சின்னஞ்சிறு விஷயங்கள் முழுவதும் ஒரே காலைப் பொழுதில் வந்து குவியும் இடம். அதிலும் அங்கே பெற்றோர் தடுமாறினால், வெளிப்படையாகத் தனித்து நிற்பது குழந்தைதான்.

இந்தச் சேவையில் நான்கு பகுதிகள் உள்ளன. கல்வியாண்டுத் தொடக்கத்தில் விழா நாட்காட்டி ஒன்றைத் தருகிறார்கள். ஒவ்வொரு விழாவுக்கும் மூன்று வாரங்களுக்கு முன்பாக விளக்கக் குறிப்பு ஒன்று வருகிறது. புதிய குடும்பம் ஒவ்வொன்றுக்கும், அப்பள்ளியில் ஏற்கெனவே சில ஆண்டுகளைக் கழித்த குடும்பம் ஒன்றைத் துணைக் குடும்பமாக அமர்த்துகிறார்கள். இவை தவிர, உடைகளை இரவல் வாங்கிச் செல்ல ஓர் அறை உண்டு. இவற்றுக்கெனத் தனிக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை.

நான்கிலும் மிகச் சிறந்தது அந்த விளக்கக் குறிப்பு. தாளின் இருபுறமும் அச்சிட்டது, அவ்வளவுதான். ஆனால் அதை எழுதியவர் யாராக இருந்தாலும், புதிதாக வந்த ஒரு தாயின் பக்கத்தில் அமர்ந்து, அவள் மனத்தில் எழும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியது போலிருக்கிறது. விழா எதற்காக நடக்கிறது என்பது முதல் பத்தி. அதில் சமயத் தொடர்பு ஏதேனும் இருந்தால் மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள். அன்று குழந்தையின் பொழுது எப்படிச் செல்லும், வழக்கமான வகுப்பு எத்தனை மணிக்கு முடியும், எந்த வாயில் வழியாகப் பெற்றோர் வர வேண்டும், உட்காரும் இடம் உண்டா, தம்பி தங்கையரை அழைத்து வரலாமா என்பவை அடுத்து வருகின்றன. பிறகு, என்ன கொண்டுவர வேண்டும் என்பதற்கு ஒரு கட்டமும், என்ன கொண்டுவர வேண்டியதில்லை என்பதற்கு அதே அளவில் இன்னொரு கட்டமும் இருக்கின்றன. அந்த இரண்டாவது கட்டத்தை யோசித்தவருக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன். “ஆசிரியருக்குப் பரிசு தேவையில்லை, குழந்தை வரைந்த வாழ்த்து அட்டை போதும்” என்ற ஒரு வரி, எத்தனை குடும்பங்களின் குழப்பத்தைத் தீர்த்திருக்கும் என்பதை அந்த நிலையில் இருந்தவர்களே அறிவார்கள். கொட்டை வகைகள் எதுவும் சேராத தின்பண்டங்களையே கொண்டுவரலாம் என்ற விதியும், அது ஏன் என்ற காரணமும் அதே கட்டத்தில் உண்டு. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது உயிர்ப் பிரச்சினை என்பது விளங்கிவிட்டால் எந்தப் பெற்றோரும் அதைக் கெடுபிடியாக எண்ண மாட்டார்கள்.

தாளின் பின்புறத்தில் கடைசியாக வரும் பத்திதான் என் பார்வையில் இந்தச் சேவையின் உயிர். விழாவில் தம் குழந்தை பங்கேற்க வேண்டாம் என்று கருதும் பெற்றோர் யாரிடம் சொல்ல வேண்டும், எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும், பங்கேற்காத குழந்தை அந்த நேரத்தில் எங்கே, யாருடன், என்ன செய்துகொண்டிருக்கும் என்பதை அது விளக்குகிறது. காரணம் கேட்பதில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். பாடலில் மட்டும் சேராமல் நாடகத்தில் சேரலாம், உடை அணியாமல் ஊர்வலத்தில் நடக்கலாம் என இடைப்பட்ட வழிகளையும் குறிப்பிடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரைப் பொறுத்தவரை, மறுப்பதற்கு உரிமை உண்டு என்று வாய்மொழியாகச் சொன்னால் மட்டும் போதாது. மறுத்தால் குழந்தைக்கு என்ன நேரும் என்பது தெரியாதவரை எவரும் மறுக்கத் துணிவதில்லை. மனம் ஒப்பாமலே சம்மதித்துவிட்டு, வீட்டில் அதைப் பற்றி முணுமுணுத்து, இரண்டு தரப்புக்கும் நடுவில் குழந்தையை நிறுத்தும் நிலைதான் பல குடும்பங்களில் இருக்கிறது. அதைத் தவிர்க்க இந்த ஒரு பத்தி போதுமானதாக இருக்கிறது.

இது பள்ளி காட்டும் தயவு மட்டுமன்று. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, குழந்தையின் சிந்தனை, மனச்சான்று, சமயம் ஆகியவற்றுக்கான உரிமையையும், அதில் குழந்தைக்கு வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் கடமையையும் மதிக்கச் சொல்கிறது. 29-ஆம் பிரிவு இன்னும் நெருக்கமானது. குழந்தையின் பெற்றோர், குழந்தையின் சொந்தப் பண்பாட்டு அடையாளம், மொழி, விழுமியங்கள் ஆகியவற்றின் மீதும், குழந்தை இப்போது வாழும் நாட்டின் விழுமியங்கள், அது எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டின் விழுமியங்கள் ஆகியவற்றின் மீதும் மதிப்பை வளர்ப்பது கல்வியின் நோக்கங்களில் ஒன்று என்று அது கூறுகிறது. வந்த நாடும் வாழும் நாடும் ஒரே வாக்கியத்தில் அருகருகே இடம்பெற்றிருப்பதை வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் ஒவ்வொருவரும் படித்துப் பார்க்க வேண்டும். பள்ளியிடம் பேசும்போது, எங்கள் விருப்பு வெறுப்பாக இதைச் சொல்லவில்லை, கல்வியின் நோக்கம் குறித்தே பேசுகிறோம் என்று எடுத்துரைக்க அந்தப் பிரிவு துணைநிற்கும்.

துணைக் குடும்ப ஏற்பாட்டைப் பற்றி அதே அளவுக்குப் புகழ இயலவில்லை. எங்களுக்கு வாய்த்த குடும்பம் பொறுமையானது. எந்த நேரத்தில் செய்தி அனுப்பினாலும் பதில் வந்தது, முதல் விழாவன்று அந்த வீட்டு அம்மா வாயிலில் காத்திருந்து எங்களை உள்ளே அழைத்துச் சென்றார். எங்களோடு சேர்ந்த வேறு சிலருக்குத் துணைக் குடும்பம் என்று ஒரு பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வந்ததோடு சரி. தன்னார்வலர்களை நம்பி நடக்கும் ஏற்பாட்டில் இந்த ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்யும் என்றாலும், பருவத்துக்கு ஒரு முறையாவது இரு குடும்பங்களையும் அழைத்து விசாரிக்கும் பொறுப்பைப் பள்ளி ஏற்றிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. ஒரே நாட்டைச் சேர்ந்த குடும்பத்தையே துணையாக அமர்த்துவதா, வேறு நாட்டுக் குடும்பத்தையா என்பதில் பள்ளிக்குத் தெளிவான கொள்கை இல்லை. மொழி தெரிந்தவர் துணை முதல் சில வாரங்களுக்கு ஆறுதல் தரும். ஆனால் அந்த ஊரில் வேரூன்றிய குடும்பத்தின் பழக்கம்தான் பிற்பாடு விழாவுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது. இரண்டும் கிடைக்க வழி செய்வதே முறை.

உடை இரவல் அறையைப் பற்றி நல்லதாகவே சொல்ல முடிகிறது. குழந்தைகள் வளர்ந்து சிறிதாகிப்போன மாறுவேட உடைகள், மேடை நிகழ்ச்சிகளுக்குத் தைத்தவை, குறிப்பிட்ட நிறச் சட்டைகள் ஆகியவற்றைத் துவைத்து, வயதுவாரியாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பெயர் எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம். ஒரு நாள் அணிந்துவிட்டு எறியும் உடைக்காகக் கடை கடையாக அலைவது குறைந்ததோடு, வசதியில் வேறுபட்ட குடும்பங்களின் பிள்ளைகள் மேடையில் ஒரே மாதிரியாக நிற்பதும் இதனால் கைகூடியிருக்கிறது.

இனி, கடுமையான குறைக்கு வருகிறேன். பன்னாட்டுப் பள்ளிகள் பலவற்றிலும் பன்னாட்டு நாள் என்று ஒரு விழா உண்டு, ஐ.நா. சாசனம் 1945-இல் நடைமுறைக்கு வந்த அக்டோபர் 24-ஐ ஒட்டிப் பல பள்ளிகள் அதை நடத்துகின்றன. எங்கள் பள்ளியிலும் ஆண்டின் பெரிய விழா அதுவே. மற்ற எல்லா விழாக்களுக்கும் இவ்வளவு நுட்பமாகக் குறிப்பு எழுதும் பள்ளி, இந்த ஒரு விழாவுக்கு மட்டும் அரைப் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறது. எல்லோரும் வெளிநாட்டவர், ஆகையால் இது எல்லோருக்கும் சொந்த விழா, விளக்கம் எதற்கு என்று கருதியிருக்கிறார்கள் போலும். உண்மை அதற்கு நேர்மாறானது. நாட்டுக்கு ஒரு அரங்கு, அரங்குக்கு ஒரு கொடி, தேசிய உடையில் குழந்தைகள், வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவந்த உணவு என்று விழா அமைகிறது. ஒரு நாட்டிலிருந்து இருபது குடும்பங்கள் வந்திருந்தால் வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே ஒரு குடும்பம் மட்டும் வந்திருந்தால், அந்தத் தாயும் தந்தையும் விடுப்பு எடுத்து, அரங்கு அமைத்து, சமைத்து, அலங்கரித்து, அன்று முழுவதும் அங்கேயே நின்று தம் நாட்டைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்து, பெட்டிகளைக்கூடப் பிரிக்காத குடும்பத்திடம் இதை எதிர்பார்ப்பது நியாயமன்று.

பெற்றோரின் உழைப்பை விடவும் பெரிய சிக்கல் குழந்தையின் நிலை. தந்தை ஒரு நாட்டவர், தாய் இன்னொரு நாட்டவர், குழந்தை பிறந்தது மூன்றாவது நாட்டில், வளர்வது நான்காவது நாட்டில் என்பது இத்தகைய பள்ளிகளில் அரிய செய்தியன்று. 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய வந்த சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம், பெற்றோரின் பண்பாடும் வாழும் நாட்டின் பண்பாடும் உரசிக் கலக்கும் இடைவெளியில் வளரும் பிள்ளைகளை ‘மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்’ என்று அழைத்தார். அத்தகைய குழந்தையிடம் எந்தக் கொடியின் கீழ் நிற்பாய் என்று கேட்டால், அது தாயையோ தந்தையையோ விட்டுக்கொடுத்தே பதில் சொல்ல முடியும். பெற்றோர் விட்டு வந்த நாட்டை நினைவுகூர விரும்பாத குடும்பங்களும் உண்டு. போரினாலோ ஒடுக்குமுறையினாலோ வெளியேறியவர்களுக்கு அந்த நாட்டுக் கொடி பெருமையின் சின்னமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இதையெல்லாம் மறுப்புக்கு வழிகாட்டும் அந்தக் கடைசிப் பத்தி கையாளக்கூடும்; ஆனால் பன்னாட்டு நாள் குறிப்பில் அந்தப் பத்தியே இடம்பெறவில்லை.

இதே பள்ளியில், இளைய பிள்ளையின் வகுப்பாசிரியர் அந்த நாளைத் தாமாகவே வேறு விதமாக நடத்தியதைக் கண்டேன் என்பதாலேயே இந்தக் குறை எனக்கு அதிகம் உறுத்துகிறது. வகுப்பறைத் தரையில் துணியாலான பெரிய உலக வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நூற்கண்டைக் கொடுத்தார். பிறந்த இடத்திலிருந்து தொடங்கி, வாழ்ந்த ஊர்கள், தாத்தா பாட்டி இருக்கும் ஊர்கள் வழியாக இப்போதைய ஊர் வரை நூலை இழுத்து, திரும்பும் இடத்திலெல்லாம் ஒரு பொத்தானை வைக்க வேண்டும். சிலருடைய நூல் நேராக வந்து சேர்ந்தது. ஒரு சிறுமியின் நூல் கண்டம் விட்டுக் கண்டம் தாவி, ஓர் இடத்தில் முடிச்சு விழுந்து, பொத்தான்கள் தீர்ந்துபோய், பக்கத்திலிருந்த பையன் தன் பொத்தான் ஒன்றை எடுத்துத் தந்தான். சுவரோரம் நின்ற பெற்றோர் எவரும் எதையும் சமைக்கவில்லை, தைக்கவில்லை. தங்கள் பிள்ளையின் நூல் எந்த ஊரில் நின்று யோசிக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு எளிதாகச் செய்யக்கூடியதை ஒரு வகுப்பின் தனிமுயற்சியாக விட்டுவிடாமல், பள்ளி முழுவதற்குமான முறையாக மாற்ற வேண்டும் என்று எழுத்துமூலம் கேட்டிருக்கிறோம்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான விழாக்கள் வேலை நாளில், முற்பகலில் நடக்கின்றன. புதிய நாட்டில் புதிய வேலையில் சேர்ந்தவர், சேர்ந்த சில வாரங்களிலேயே மகனின் நாற்பது நிமிட நிகழ்ச்சிக்காக விடுப்பு கேட்பது எளிதன்று. பணிமாற்றத்தோடு வந்த குடும்பங்களில் கணவனோ மனைவியோ தம் வேலையை விட்டுவிட்டு உடன் வந்திருப்பார். விழாச் சுமை முழுவதும் அவர் தோளில் விழுகிறது, அதைச் சுமப்பதே அவருடைய வேலை என்று மற்றவர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். வழிகாட்டிச் சேவை இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. ஆண்டு முழுவதற்குமான விழா நாட்காட்டியில், பெற்றோர் வருவது முக்கியமான விழாக்களையும், வராவிட்டாலும் குழந்தை தனித்து உணராத விழாக்களையும் வேறு வேறு நிறத்தில் குறித்திருக்கிறார்கள். எதற்கு விடுப்பைச் சேமித்து வைப்பது என்பது ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. முதன்மை நிகழ்ச்சிகளின் முழு ஒத்திகையை முந்தைய நாள் மாலையில் பெற்றோருக்குத் திறந்துவிடும் வழக்கமும் பாராட்டத்தக்கது. நிகழ்ச்சியன்று வர இயலாத பெற்றோர் அங்கே வந்து பார்க்கிறார்கள்; பார்க்க ஆள் இருக்கிறார்கள் என்பதால் பிள்ளைகளும் ஒத்திகையை அக்கறையோடு செய்கிறார்கள்.

அன்னையர் நாள், தந்தையர் நாள் போன்றவை வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு இன்னொரு விதத்தில் கடினமானவை. பெற்றோரில் ஒருவர் வேறு நாட்டில் வேலை செய்துகொண்டு விடுமுறைக்கு மட்டும் வந்துபோகும் வீடுகள் பல. பள்ளி இவ்விரண்டையும் விட்டுவிட்டு, தன்னை வளர்க்கும் எவரையும் குழந்தை அழைத்துவரக்கூடிய ஒரே நாளாக மாற்றியிருக்கிறது. பாட்டி வந்தார்கள், சித்தப்பா வந்தார், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவும் வந்தார். சரியான முடிவு.

பணம் திரட்டுவது, படம் எடுப்பது ஆகிய இரண்டிலும் எழுத்துப்பூர்வமான விதிகள் உள்ளன. வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில்தான் அவை தளர்ந்துபோகின்றன. கூட்டுப் பரிசுக்குத் தருவது அவரவர் விருப்பம் என்று குறிப்பு சொல்கிறது, குழுவிலோ தந்தவர்களின் பெயர்ப் பட்டியல் வெளியாகிறது. மேடையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளின் படங்களைச் சமூக ஊடகங்களில் பகிரக்கூடாது என்ற ஒப்புதல் படிவத்தில் எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறோம், அன்று மாலையே படங்கள் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. குழு பெற்றோருடையது, பள்ளியினுடையது அன்று என்று அலுவலகம் விலகி நிற்பது ஏற்கத்தக்கதன்று. வகுப்புப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது பள்ளிதான். ஆண்டுத் தொடக்கத்தில் அவர்களுக்கு அரைமணி நேரம் ஒதுக்கி இந்த விதிகளை விளக்கினால் போதும்.

வீட்டுப் பண்டிகைகள் பள்ளி நாளில் வருவதைப் பள்ளி எப்படிக் கையாள்கிறது என்பதை வைத்தே, இந்தச் சேவை ஒருவழிப் பாதையா இருவழிப் பாதையா என்பதை அறியலாம். சந்திரனை அடிப்படையாகக் கொண்ட நாட்காட்டிகளின்படி வரும் பண்டிகைகள் ஆண்டுதோறும் தேதி மாறுபவை. இஸ்லாமிய நாட்காட்டியின் ஆண்டு, சூரிய ஆண்டை விட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானது என்பதால் அதன் பண்டிகைகள் பருவம் விட்டுப் பருவம் நகர்ந்துகொண்டே இருக்கும். சென்ற ஆண்டு தேதியைப் பார்த்துத் தேர்வு அட்டவணை போடும் பள்ளிக்கு இது புரிவதில்லை. இங்கே சேர்க்கைப் படிவத்திலேயே, குடும்பம் கொண்டாடும் முக்கியமான நாட்களை எழுதக் கேட்கிறார்கள். அந்த நாட்களில் எடுக்கும் விடுப்பு வருகைப் பதிவில் குறையாகக் கருதப்படுவதில்லை, இயன்றவரை தேர்வும் வைப்பதில்லை. பெற்றோர் விரும்பினால் வகுப்புக்கு வந்து தம் பண்டிகையைப் பற்றிப் பேசலாம், விரும்பாவிட்டால் வற்புறுத்துவதில்லை. புதிய பண்பாட்டுக்குள் வருவோரைப் பற்றி ஆராய்ந்த கனடிய உளவியலாளர் ஜான் பெர்ரி, தம் பண்பாட்டைக் காத்துக்கொள்வது ஒரு கேள்வி, வந்த சமூகத்தோடு உறவாடுவது வேறொரு கேள்வி என்று பிரித்துக் காட்டினார். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று கிட்டும் என்பதில்லை, இரண்டுக்கும் ஆம் என்று சொல்லி வாழ முடியும். தன் விழாக்களை விளக்கும் பள்ளி நம் விழாக்களையும் கேட்டறிந்தால், அந்த இரண்டாவது ‘ஆம்’ நம் வாயிலிருந்து தானாகவே வருகிறது.

மொழி விஷயத்தில் சேவை பாதி வழியில் நிற்கிறது. பள்ளிச் செயலியில் வரும் அறிவிப்புகளைப் பல மொழிகளில் இயந்திர மொழிபெயர்ப்பாகப் படிக்கலாம். தேதி, நேரம், இடம் ஆகியவற்றுக்கு அது போதும். ஆனால் மேடை நிகழ்ச்சிகள் அனைத்தும் ஒரே மொழியில் நடப்பதால், தாத்தா பாட்டி வந்தால் ஒன்றும் விளங்காமல் அமர்ந்திருக்க நேர்கிறது. யுனெஸ்கோ 1999-இல் அறிவித்து 2000 முதல் கடைப்பிடிக்கப்படும் பன்னாட்டுத் தாய்மொழி நாள் பிப்ரவரி 21 அன்று வருகிறது. தாய்மொழிக்காக 1952-இல் டாக்காவில் உயிர்நீத்த மாணவர்களின் நினைவைத் தாங்கும் நாள் அது. வீட்டில் பாடும் ஒரு தாலாட்டையோ, ஒரு விடுகதையையோ, ஒரு கதையையோ அன்று ஒவ்வொரு குழந்தையும் தன் மொழியில் சொல்லலாம். சமையலும் தையலும் கொடியும் தேவைப்படாத இத்தகைய விழா இந்தப் பள்ளியின் நாட்காட்டியில் இல்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

எங்கள் பிள்ளைகள் இதற்கு முன் வேறொரு நாட்டில் படித்த பள்ளியில் இப்படி எந்த ஏற்பாடும் இருந்ததில்லை. சுற்றறிக்கை முந்தைய நாள் மாலையில் வரும். என்ன உடை என்று இருக்கும், எதற்கு என்று இருக்காது. அலுவலகத்தில் கேட்டால், மற்றப் பெற்றோரைக் கேளுங்கள் என்பார்கள். மற்றப் பெற்றோர் அன்பானவர்கள்தாம், ஆனால் தமக்கு இயல்பாகத் தெரிந்த ஒன்றைத் தெரியாதவருக்கு விளக்குவது எப்படி என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. மூத்தவள் விழா நாட்களில் வயிற்றுவலி என்று சொல்லத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். இப்போதைய பள்ளியில் குறிப்புத் தாள் வந்த அன்று இரவே அவளும் நாங்களும் அதைச் சேர்ந்து படித்துவிடுகிறோம். எந்தப் பகுதியில் சேர்வது என்பதை அவளே முடிவு செய்து ஆசிரியரிடம் சொல்கிறாள். வயிற்றுவலிப் பேச்சு நின்றுவிட்டது.

பள்ளி தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர், வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும் நாளில் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பெற முயலலாம்: சென்ற ஆண்டு விழாக்களுக்கு அனுப்பிய குறிப்புகளில் ஒன்றின் நகல், பங்கேற்காத குழந்தைகள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதற்கான பதில், கல்வியாண்டின் விழா நாட்காட்டி. வழவழப்பான விளம்பரப் புத்தகத்தைக் காட்டிலும் இவை அந்தப் பள்ளியைப் பற்றி அதிகம் சொல்லும். எங்கள் பள்ளியில் ஏற்கெனவே இடம் கிடைத்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கல்வியாண்டின் தொடக்கத்தில் சேருவோருக்கு வழிகாட்டிச் சேவை தானாகவே வந்துவிடுகிறது. இடையில் சேருவோருக்கு அப்படி வருவதில்லை. பணிமாற்றம் எந்த மாதத்திலும் நேரக்கூடியது என்பதைப் பள்ளி இன்னும் கணக்கில் கொள்ளவில்லை. அது திருத்தப்படும்வரை, சேர்க்கை முடிந்த அன்றே வரவேற்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, துணைக் குடும்பத்தின் பெயரையும் எஞ்சிய விழாக்களுக்கான குறிப்புகளையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.